ஷாக் மாற்றும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "காக்கா, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. எந்த ஷாக் நல்லா இருக்கும்? கேஸ் ஷாக் போட்டுடவா?" வண்டி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் மாருதி 800ஆக இருக்கும். இல்லாவிட்டால் ஆம்னி, ஸென், முதல் தலைமுறை ஆல்டோ. வாப்பா காலத்தில் வாங்கியது, விற்க மனசு வரவில்லை, வருஷத்தில் முக்கால்வாசி நாள் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஷாக் வாங்குகிற காசை அப்படியே பையில் வைத்துக்கொண்டு, முதலில் ஜாக்கி போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

சுருக்கமாகச் சொன்னால் இது தட்டிக்கழிக்கிற பதிலாகப் படுகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. 2003 மாடல் 800 ஒன்றை இன்றைக்கும் ஓட்டுகிறேன். பட்டுக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான் இதெல்லாம். அவர் அடிக்கடி சொல்வார்: "பாய், எல்லாரும் ஷாக்கு ஷாக்குன்னு வர்றாங்க. பாதி வண்டியில ஷாக்கு நல்லாத்தான் இருக்கு. அதைப் புடிச்சுக்கிட்டு இருக்கிற ரப்பருதான் போயிருக்கு."

முதலில் நம் ரோட்டைப் பற்றிப் பேசிவிடலாம். டெல்டாவில் ஓடுகிற வண்டிக்குப் பெரிய எதிரி குழி என்று நினைக்கிறோம். எனக்கு மதகும் சிறு பாலமும்தான் அதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. 1934-ல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாயின் கிளைகள் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போனால் வாய்க்காலைத் தாண்டாமல் கொஞ்ச தூரம்கூட ஓட்ட முடியாது. வாய்க்கால் மேல் கட்டிய கான்கிரீட் அப்படியே நிற்கும். அதன் இரண்டு பக்கமும் மண் கொட்டி ஏற்றிய ரோடு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். களிமண் பூமியாக இருந்தால் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், அமுங்குவது இன்னும் கூடும். இதனால் பாலம் ஏறும் இடத்தில் ஒரு படி, இறங்கும் இடத்தில் ஒரு பள்ளம். குழி என்றால் ஒரு சக்கரம்தான் அடி வாங்கும். பாலத்துப் படியில் முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் மோதும், உடனே பின்சக்கரம் இரண்டும் மோதும். ஈசிஆரில் 80-ல் வரும்போது இப்படி ஒன்று வந்தால், செத்த ஷாக்கோடு ஓடும் வண்டியில் டயர் ஒரு கணம் தரையை விட்டே எழும்பும். அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

வேகத்தடை இன்னொரு கதை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வளைந்து ஏறி வளைந்து இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகத் தாண்டுகிற கணக்கு அது. நம் தெருமுனைகளில் இருப்பதெல்லாம் ஒரு முழ அகலத்தில் குத்தாக நிற்கும் வரப்புகள். இதோடு தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் வயலிலிருந்து ஏறும் டிராக்டர் உதிர்த்த களிமண் கட்டிகள் வெயிலில் காய்ந்து, தார் மேலேயே கல்லாகிவிடும். கேஜ் வீலைக் கழற்றாமல் ரோட்டில் ஓட்டுகிறவர்களால் தார் கொத்திக் கிடக்கும். ரோட்டில் காயப்போட்ட நெல்லைச் சுற்றிப் போவதற்காக ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டுவோம். (வைக்கோல் மேல் ஏற்றி ஓட்டாதீர்கள். அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும்.) ஒரு வருஷத்தில் இத்தனையும் பார்க்கிற வண்டி நம்முடையது.

இனி வண்டி. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளியே வந்தபோது அதன் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான். 1986-ல் வடிவம் மாறியது. இன்றைக்கு நாம் ரோட்டில் பார்க்கிற 800-களில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு. ஃபோர்டில் வேலை பார்த்த எர்ல் மெக்பெர்சன் என்ற இன்ஜினியரின் பெயர் அது. 1950-ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல் கார் இந்த அமைப்போடு வந்தது. மேல் ஆர்ம் வேண்டாம், இடம் மிச்சம், செலவு மிச்சம். சின்ன கார்கள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம். ஆனால் இதில் ஷாக்கின் தண்டே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தண்டில் தேய்மானம் வந்தால் வண்டி குதிப்பதோடு நிற்காது, சக்கரத்தின் சாய்வும் மாறும்.

800-ல் முன்பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு வளைந்த இரும்புத் தண்டு இடமிருந்து வலம் ஓடும். ஸ்டெபிலைசர் பார். பல கார்களில் இதன் வேலை திருப்பத்தில் வண்டி சாயாமல் பார்ப்பது மட்டும்தான். 800-ல் அதுவே சக்கரத்தை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மை முன்னே பின்னே போகவிடாமலும் பிடித்துக்கொள்கிறது. எனவே அதன் நுனியில் இருக்கும் சின்ன புஷ் தேய்ந்தால், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் ஓர் இழுப்பு இழுக்கும், ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும். பிரேக்கில்தான் கோளாறு என்று சிலிண்டரை மாற்றி, ஷூவை மாற்றி, அப்புறமும் சரியாகாமல் வருகிறவர்களை அண்ணன் பட்டறையில் நானே பார்த்திருக்கிறேன். காரணமோ கைக்குள் அடங்குகிற அந்த ரப்பர் புஷ்.

ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் உள்ள வேலைப் பிரிவினையை நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடை தாங்குவதே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பி, மறுபடி அமுங்கி, மறுபடி எழும்பி ஆடிக்கொண்டே இருக்காமல், அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் சின்ன ஓட்டைகள் வழியே தள்ளிச் சூடாக மாற்றித் தீர்ப்பதுதான் அதன் வேலை. "வண்டி பின்பக்கம் உட்காந்துடுச்சு, ஷாக்கு மாத்தணும்" என்று சொல்வது தவறு. உட்கார்ந்தது ஸ்பிரிங். புது ஷாக் போட்டாலும் உட்கார்ந்த வண்டி எழும்பாது.

800 ஏன் அவ்வளவு சீக்கிரம் உட்காருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் வண்டி ஏறக்குறைய 650 கிலோ. ஆள் 65 கிலோ என்று நாலு பேர் ஏறினால் 260 கிலோ, வண்டி எடையில் 40 சதவீதம். அதே நாலு பேர் 1,500 கிலோ காரில் ஏறினால் 17 சதவீதம்தான். தனியாகப் போகும்போது மெத்தென்று இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு ஆளும் சீர்ச் சாமானும் ஏற்றும்போது அடி தட்டவும் கூடாது. இரண்டையும் ஒரே ஸ்பிரிங் செய்ய வேண்டும். சின்ன காரின் ஸ்பிரிங்கை வடிவமைத்தவர்கள் கத்திமேல் நடந்திருக்கிறார்கள். அதை நம் இஷ்டத்துக்கு இறுக்கினால் ஒரு பக்கம் சரிந்துவிடும்.

சரி, சோதிப்பது எப்படி?

காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரிலும் காற்றைச் சரியாக வைத்து, சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு மூலையையும் அளந்து எழுதி வையுங்கள். இடமும் வலமும் கண்ணில் படும் அளவுக்கு வேறுபட்டால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அடிச்சுற்று உடைந்திருக்கிறது. பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் கையில் தட்டினால் டோ கோணம் கெட்டிருக்கிறது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வையும் ஆர்ம் புஷ்ஷையும் சந்தேகப்படலாம். டயரைச் சுற்றி இடைவெளி விட்டு விட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால்தான் ஷாக் செத்திருக்கிறது என்று டயரே சாட்சி சொல்கிறது.

பானெட் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். விட்டதும் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும். இதில் தோற்கிற ஷாக் கட்டாயம் செத்ததுதான். ஜெயிக்கிற ஷாக் எல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. கையால் அமுக்குகிற வேகம் வேறு, பாலத்துப் படியில் 80-ல் மோதுகிற வேகம் வேறு.

அடுத்து காதுக்கு வேலை. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, நீளமான மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். அடியில் வருகிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். சின்ன மேடு பள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் ஸ்டெபிலைசர் புஷ்ஷோ ஆர்ம் புஷ்ஷோ. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'ட்ட்டொய்ங்' என்று ஸ்பிரிங் உதறினால் ஸ்ட்ரட்டின் மேல் தலையில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது. இந்த இரண்டு சத்தத்துக்கும் புது ஷாக் மருந்தில்லை.

இனி ஜாக்கி. நம் ஊர் மணல் தரை. ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடாமல் ஏற்றவே கூடாது. ஏற்றிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடவும் கூடாது. இதை ஆயிரம் தடவை சொன்னாலும் தகும். தொழில் தெரிந்தவர்களே இந்த ஓர் அவசரத்தில்தான் உயிரை விட்டிருக்கிறார்கள்.

சக்கரம் தொங்கும்போது மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் தெரியும். லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் ஒரு நெம்புகோலை வைத்து மெல்ல நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ்ஷில் நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் ரப்பரின் சரியான மையத்தில் நிற்கும், நெம்பினால் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். கெட்டதில் குழாய் ஒரு பக்கம் ஒதுங்கி, எதிர்ப்பக்கம் மூன்றாம் பிறை மாதிரி ஓர் இடைவெளி தெரியும். அதற்குள் டார்ச் அடித்தால் ரப்பர் வெடித்த உதட்டில் கறுப்புப் பொடி ஒட்டியிருக்கும். ஓடாமல் நின்ற வண்டியில் வேறு விதம். ரப்பர் கிழிந்திருக்காது, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழாமல் கட்டையாக இறுகியிருக்கும். வெயிலும் காற்றும் பட்டே ரப்பர் கெடும், ஓட வேண்டும் என்பதில்லை. தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி புதுசு மாதிரி இருக்கும் என்று நம்பி ஊர் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊருக்கென்றே இருக்கிற வியாதிக்கு இப்போது வருகிறேன். ஒரு பக்கம் பாக் நீரிணை, ஒரு பக்கம் உப்பளம். தெற்கிலும் கிழக்கிலுமிருந்து வரும் காற்றில் உப்பு எப்போதும் இருக்கிறது. உப்பு தானாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் இரும்பு விடாமல் துருப்பிடிக்கும். தஞ்சாவூரில் ஓடுகிற 800-க்கும் இங்கே ஓடுகிற 800-க்கும் அடிப்பக்கத்தில் வருஷக் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

உப்பு ஷாக்கை எப்படிக் கொல்கிறது என்பதை அண்ணன் ஒருநாள் கழற்றிய ஸ்ட்ரட்டை என் கையில் கொடுத்தே காட்டினார். ஷாக்கின் மேல் தண்டு கண்ணாடி போல் மின்னுகிற குரோம் பூச்சு. அதை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, டஸ்ட் பூட். அந்த உறை கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக உள்ளே போன உப்பு மணல் தண்டில் உட்கார்ந்து, குரோமில் கடுகைவிடச் சின்னப் புள்ளிகளாகத் துருக் குழிகள் விழுந்திருந்தன. விரலால் தடவினால் சுரசுரவென்றது. அந்தத் தண்டு ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கும்போது துருப்புள்ளிகள் அரம் போல் ஆயில் சீலை அறுக்கின்றன. சீல் போனால் எண்ணெய் கசியும், எண்ணெய் போனால் ஷாக் வெறும் குழாய். ஷாக் முழுசாகப் போய்விட்டது என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் மிகச் சில ரூபாய் விலையுள்ள அந்த உறையின் கிழிசல். புது ஷாக் மாட்டும்போது பழைய உறையையே திரும்பப் போட்டு அனுப்புகிற பட்டறைகள் உண்டு. கூடவே நின்று, புது டஸ்ட் பூட்டும் புது பம்ப் ஸ்டாப்பும் போடச் சொல்லுங்கள். ஷாக்கின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது.

அதே டார்ச்சோடு ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைப் பாருங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சேறு தங்கும், பெயிண்ட் உதிரும், அந்த இடத்தில் துரு ஆழமாக இறங்கி ஒருநாள் முறியும். முறிந்த துண்டு தட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, வண்டி கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உடலில் இருக்கிறது. பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் நட்டுகள் இறங்கும் கோபுரத்தைச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் டிரெய்லிங் ஆர்மும் லேட்டரல் ராடும் உடலோடு சேரும் பிராக்கெட்டைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்று கணீரென்று சொல்லும். பொத்தென்று கேட்டால், முனையால் குத்திப் பாருங்கள். குத்து உள்ளே இறங்கினால் சஸ்பென்ஷன் பேச்சையே நிறுத்திவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். துருப்பிடித்த பிராக்கெட்டில் கெட்டியான புது ஷாக் மாட்டினால், முன்பு மெத்தென்று போன அடி இப்போது நேராக அந்தத் தகட்டுக்குப் போகும். ஊருக்கு வந்த ஒருவரின் ஆம்னியில் இந்த நிலையைப் பார்த்தேன். மேலே பெயிண்ட் பளபளவென்று, அடியில் கறுப்புக் கோட்டிங் கெட்டியாக. கோட்டிங்கைச் சுரண்டியதும் தகடு அடுக்கடுக்காகக் கையோடு வந்தது. துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசிய கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் புதுக் கறுப்புக் கோட்டிங்கைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், சுரண்டிப் பாருங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது நம் ஊருக்கு அவசியம். சில தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கழுவாமலே இருக்கலாம்.

இத்தனையும் பார்த்து முடித்தபின் மேம்படுத்துவதைப் பற்றிப் பேசலாம். நான் உறுதியாக நம்புவது இதுதான்: இருபது வயதான 800-க்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு, கம்பெனியிலிருந்து வந்த அன்று அது இருந்த நிலைக்கு அதைக் கொண்டுபோவது. அத்தனை புஷ்ஷும் புதுசு, ஸ்ட்ரட் மவுண்ட் புதுசு, ஷாக் ஜோடியாகப் புதுசு, தேவைப்பட்டால் ஸ்பிரிங்கும் ஜோடியாகப் புதுசு. புது வண்டியில் உட்கார்ந்த ஞாபகம் நமக்கு மறந்துபோய்விட்டது. பழைய தளர்ச்சியையே அந்தக் காரின் குணம் என்று எடுத்துக்கொண்டு, அதற்குமேல் எதையாவது கூட்டப் பார்க்கிறோம்.

கேஸ் ஷாக் என்றால் எண்ணெயே இல்லாத ஷாக் என்று நினைக்காதீர்கள். அதிலும் எண்ணெய்தான் வேலை செய்கிறது. தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெயில் நுரை கட்டினால் ஷாக் தளர்ந்துபோகும். நைட்ரஜனை அழுத்தி வைத்தால் அந்த நுரை கட்டுவது குறையும். ஈசிஆரில் ராமநாதபுரம் வரை விடாமல் ஓட்டுகிறவருக்கு அது பிரயோஜனம். தெருவுக்குள்ளும் பட்டுக்கோட்டை வரையும் ஓட்டுகிறவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசை நல்ல டயரில் போடலாம்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபரை எனக்குப் பிடிக்காது. உயரம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் இரண்டு சுற்றை வேலை செய்யவிடாமல் பூட்டுகிறது, மிச்சச் சுற்றுகளுக்கு அத்தனை சுமையும் போகிறது. ஸ்பிரிங் இறுகுகிறது, பழைய ஷாக்கோ அந்த இறுக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காகச் செய்யப்பட்டதில்லை. வண்டி குதிரை மாதிரி எம்புவது அதனால்தான். நம் ஊரில் இன்னொரு கெடுதலும் உண்டு. பஃபருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே உப்பு ஈரம் தங்கும்.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் கேட்கிறார்கள். ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய் பட்டால் கெடாது, ஸ்டியரிங் கூர்மையாகும். ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் இடத்தில் போடலாம். பின்பக்க டிரெய்லிங் ஆர்மில் வேண்டாம் என்பேன். அங்கே ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வருவதால்தான் அச்சு மேலும் கீழும் போக முடிகிறது. கெட்டிப் புஷ் முறுக்காது, வழுக்கித்தான் சுழல வேண்டும். அதற்குரிய கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும், அடியை உடலுக்கு ஏற்றும். பழைய தகட்டுக்கு அது தேவையில்லாத தண்டனை.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் முன்பக்கம் காயிலே கிடையாது, டார்ஷன் பார்தான். நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது. மாரிஸ் மைனரில் அலெக் இசிகோனிஸ் பயன்படுத்திய அதே வழி, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூலமாக அம்பாசடருக்கு வந்தது, 2014-ல் உத்தர்பாரா ஆலை நிற்கும் வரைக்கும் நம்மோடு இருந்தது. பின்பக்கம் பட்டை. பட்டைக்கு நடுவே துரு உப்பி, ஒன்றோடொன்று வழுக்காமல் ஒட்டிக்கொண்டால் வண்டி மாட்டு வண்டியாகிவிடும். பட்டையைப் பிரித்து, தேய்த்து, கிரீஸ் தடவி, ஷேக்கிள் புஷ்ஷும் யூ போல்ட்டும் மாற்றிக் கட்டினால் அதற்குமேல் எந்த மேம்பாடும் வேண்டியதில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. தேய்ந்த சாமானுக்குப் பதில் அதே அளவில் புதுசு போடுவது இதில் வராது. 15 வருஷம் தாண்டிய சொந்தக் காரை ஆய்வாளர் பார்த்து 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார். வண்டியைத் தூக்கிவிட்டும், மட்கார்டை உரசுகிற டயரோடும் அங்கே போய் நின்றால் வாக்குவாதம்தான் மிச்சம்.

மாட்டும்போது கவனிக்க இரண்டு விஷயம். ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அமுக்கிக் கட்டாமல் தளர்த்தக்கூடாது. கயிற்றையும் கம்பியையும் கட்டி வேலையை முடிக்கிற இடம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் முகம் போய்விடும். இரண்டாவது, பல பட்டறைகளில் தவறவிடுவது. ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கக்கூடாது. தொங்குகிற நிலையில் இறுக்கினால் அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், கொஞ்ச காலத்திலேயே கிழியும். கையால் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை உட்கார்ந்த பிறகு கடைசி முறுக்கு. புது புஷ் ஏன் அடுத்த வருஷமே போனது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பட்டுக்கோட்டை அண்ணன் இதற்காகவே இரண்டு கட்டை சாய்தளம் செய்து வைத்திருக்கிறார். சக்கரம் அதில் ஏறி நிற்கும், அவர் அடியில் படுத்து முறுக்குவார். "பாய், இந்த முறுக்குலதான் என் சம்பளம் இருக்கு" என்பார்.

இது முடிந்ததும் அலைன்மென்ட். ஸ்பிரிங்கையோ ஆர்மையோ தொட்டுவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் புது டயர் மாசக் கணக்கில் தேய்ந்து போகும். ஸ்பிரிங் புதுசென்றால் ஒரு வாரம் ஓட்டி, அது உட்கார்ந்தபின் செய்வது நல்லது.

சாமான் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆனாலும் ஓடுகிற வண்டி இன்னும் நிறைய இருப்பதால் புஷ், மவுண்ட், ஷாக் எல்லாம் தஞ்சாவூர், திருச்சி கடைகளில் வருகிறது. கிடைக்கிறதில் போலியும் உண்டு. ரப்பரை மூக்கருகே கொண்டுபோனால் மட்டமான டயர்ச் செருப்பு வாடை அடிப்பது, குழாய் மையத்தில் இல்லாமல் இருப்பது, அச்சின் பிசிறு விளிம்பில் நிற்பது, இதெல்லாம் கண்டால் திருப்பிக் கொடுங்கள். பின்னால் கிடைக்காதே என்று மொத்தமாக வாங்கி அலமாரியில் அடுக்கவும் வேண்டாம், ரப்பர் அங்கேயும் வயதாகும்.

இந்த மாதம் ஊர் வருகிறவர்கள் வண்டியை அண்ணனிடம் கொண்டுபோவதானால் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அவருக்கு டிராக்டர் வேலை அதிகம்.